கேள்வி பதில்: திரையில் தெரியும் ‘நான்’

கேள்வி: மலேசியாவின் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நான் இப்போது கல்லூரியில் படிக்கிறேன். ‘நான்’ என்ற தலைப்பில் ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கைப்பேசியில் என்னைப் பதிவு செய்து பார்த்தபோது, முகமும் குரலும் வேறு யாருடையவோ போலிருந்தன. என் தோட்டத்துப் பேச்சைக் கேட்கக் கூச்சமாக இருப்பதால், தமிழ்நாட்டுப் படங்களில் பேசுவதுபோல் மறுபடியும் பேசிக் குரலை மாற்றிவிடலாமா, ஐயா?
- கல்லூரி மாணவி, சுங்கை சிப்பூட்

பதில்: மாற்ற வேண்டாம், அம்மா. நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்புகளின் வழியாகவும் உட்செவியை அடைவதால் நமக்குக் கனத்து ஒலிக்கிறது. கைப்பேசி பிடித்துக்கொள்வதோ காற்றில் வந்ததை மட்டுமே. முகத்திலும் நாம் பழகியிருப்பது கண்ணாடி காட்டும் இடவலம் மாறிய தோற்றம்தான். ஆகவே, நீங்கள் கண்டது பிறர் நாள்தோறும் காணும் உங்களைத்தான்.

பேச்சைப் பற்றிய கூச்சத்துக்குக் காரணம் உடலில் இல்லை. தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டிய காலம் முதலே நம் நாயகர்கள் கடல் கடந்து வந்தவர்கள். அவர்களை நேசித்ததில் தவறில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தையும் ரப்பர் மரங்கள் நிறைந்த பால்மரக் காட்டையும் திரையில் காணாமலே வளர்ந்தவர்களுக்கு, தம் வாழ்க்கை படமாகத் தகுதியற்றது என்ற எண்ணம் யாரும் சொல்லாமலே படிந்துவிடுகிறது. அந்த எண்ணத்தை அசைத்த படங்கள் நம்மிடம் உண்டு. தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) ரப்பர் தோட்டக் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் மேற்படிப்பு ஆசையைச் சொன்னது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), தோட்டங்களை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த தொண்ணூறுகளின் தொடக்க காலத்தில், கண்டிப்பான தந்தைக்கும் குண்டர் கும்பலில் சேர்ந்த சிற்றப்பனுக்கும் இடையே தான் யாராக வளர்வது என்று தடுமாறும் சிறுவனைக் காட்டுகிறது. அதில் வருவோர் மலாய்ச் சொற்கள் கலந்த நம் தமிழையே பேசுகிறார்கள். அப்படியிருந்தும், என்னைக் கேட்டால் அப்படியிருந்ததாலேயே, 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருது அதற்குக் கிடைத்தது.

கேமராவைப் பார்த்து உங்களைப் பற்றி விளக்கிக்கொண்டே போகாதீர்கள். விளக்கும்போது மனிதர் தாம் விரும்பும் தோற்றத்தைத்தான் முன்வைப்பார்கள். பெற்றோரிடம் நீங்கள் பேசும்போதும், செம்பனைக் காட்டோரம் தோழியுடன் நடக்கும்போதும் வேறொருவர் பதிவு செய்யட்டும். வீட்டில் ஒரு விதமாகவும் கல்லூரியில் இன்னொரு விதமாகவும் நீங்கள் பேசுவது அதில் தெரிந்தால் வெட்டிவிடாதீர்கள்; இரண்டும் நீங்கள்தாம், படத்தின் உயிரும் அந்த மாற்றத்தில்தான் இருக்கும். விரிவுரையாளருக்குத் தமிழ் புரியாதென்றால் மலாயில் வசன வரிகளைச் சேர்த்துக் கொடுங்கள்.