சல்லிக்காசுக் காவியம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் போகிற போக்கில், ரிச்சர்ட் ஹார்ன் என்றொருவர் தன் காவியத்தை ஒரு ஃபார்த்திங்குக்கு விற்றார் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஆங்கில இலக்கியம் படித்தவன். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. விலை போகாது என்று தெரிந்துதான் அப்படிக் கொடுத்தாரா? இன்றைக்கு அதைப் படிக்க வேண்டுமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

விலை போகாததால் அல்ல, வீம்பால். ஆங்கில நாணயமான பென்னியில் நாலில் ஒன்றுதான் ஃபார்த்திங், நம்மூர் சல்லிக்காசு போல. 1843இல் ‘ஓரியன்’ என்ற அந்தக் காவியம் வந்தபோது முதல் பதிப்பிலேயே அந்த விலையை அச்சிட்டிருந்தார். காவியத்துக்கு ஜனங்கள் தரும் மதிப்பு இவ்வளவுதானே என்ற குத்தல். தாள் செலவுக்குக்கூடக் காணாது. ஆனால் ஊரே பேசியது. அதே ஆண்டில் அடுத்தடுத்துப் பதிப்புகள் வந்தன, விலையும் ஷில்லிங், அரை கிரவுன் என்று ஏறியது. என் கணக்கில் ஹார்னைக் கெடுத்தது இந்தச் சாமர்த்தியம்தான். விலை நினைவில் நின்றது, கவிதை நிற்கவில்லை.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. 1802இல் பிறந்தவர். பள்ளிப் பையனாக இருந்தபோது, வண்டியில் காத்திருந்த வைத்தியரின் உதவியாளன்மேல் பனிக்கட்டி உருண்டையை வீசியதாக ஒரு கதை உண்டு. அந்த உதவியாளன்தான் பின்னாளில் பெரும் கவிஞரான கீட்ஸ்! பிறகு ஹார்ன் மெக்சிகோ கடற்படையில் சேர்ந்து சண்டையும் பார்த்தார்.

1840களின் தொடக்கத்தில் குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு விசாரணைக் குழுவுக்காக இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் பக்கம் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். பூட்டுச் செய்யும் வில்லன்ஹால் ஊரில் அடி வாங்கியே வளரும் சிறுவர்களைப் பார்த்தார். நெப்போலியன் பெயரையோ மோசே பெயரையோ கேட்டிராத பிள்ளைகள், டிக் டர்பின் போன்ற திருடர்களின் கதையை மட்டும் விலாவாரியாகச் சொன்னதைத் தன் அறிக்கையில் குறித்துவைத்தார். மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் 1845இல் தொழிலாளர் நிலை பற்றிய தன் நூலில் எடுத்தாண்டது இந்த அறிக்கையைத்தான். ஹார்னின் தோழி, கவிஞர் எலிசபெத் பாரெட் ‘குழந்தைகளின் அழுகை’ என்ற கவிதையை எழுதவும் அதுதான் தூண்டுதல்.

அந்த ஆள் எழுதிய காவியத்தில் கிரேக்கக் காடும் வேட்டையும் தேவதைகளும்! கீட்ஸின் நிழல் நன்றாகவே தெரிகிறது. அரக்க உடம்புக்காரன் ஓரியன், மெரொப்பி மேல் வைத்த காதலால் அவள் அப்பனிடம் கண்ணைப் பறிகொடுத்து, கிழக்கு நோக்கி நடந்து, விடியலின் தேவியால் பார்வை பெறுகிறான். ஆனால் எனக்குப் பிடித்தவன் அவனில்லை, அகினெட்டாஸ் என்ற இன்னொரு அரக்கன். எதைச் செய்தும் பயனில்லை என்று குகையில் உட்கார்ந்தவன், அப்படியே கல்லாகிப் போகிறான். செயலா சும்மா இருப்பதா என்ற வழக்கு அந்த இடங்களில்தான் சூடுபிடிக்கிறது. பட்டறைகளைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அது வெறும் தத்துவமாக இருந்திருக்காது என்பது என் ஊகம். மற்றபடி முதல் காண்டத்தில் வர்ணனை கொஞ்சம் ஜாஸ்தி.

நீண்ட கவிதை என்பதே பிழை என்று வாதிட்ட அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ, 1844இல் இதைத் தூக்கிவைத்துப் புகழ்ந்தார். ஹார்னோ 1852இல் ஆஸ்திரேலியத் தங்க வேட்டைக்குக் கப்பல் ஏறிவிட்டார். அங்கே தங்கம் கொண்டுபோகும் காவல்படைக்குத் தலைமை, அப்புறம் சுரங்க அதிகாரி. 1869இல் திரும்பி வந்தார். ஹென்றி என்ற நடுப்பெயரை அதற்குள் ஹெங்கிஸ்ட் என்று மாற்றிக்கொண்டிருந்தார். 1874இல் அரசு உதவித்தொகை கிடைத்தது. 1884இல் மார்கேட்டில் இறந்தார்.

படிக்க வேண்டுமா என்றால், மூன்றாவது காண்டத்தில் தொடங்குங்கள். உலகில் எங்கோ ஓரிடத்தில் எப்போதும் காலைதான் என்ற வரி அங்கேதான் வருகிறது. இன்று அது ஆசிரியர் பெயர் இல்லாமலே சுற்றுகிறது. பழைய பதிப்புகளின் ஸ்கேன் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. பிடித்தால் முதல் காண்டத்துக்குத் திரும்புங்கள். பிடிக்காவிட்டால் வில்லன்ஹால் அறிக்கையைப் படியுங்கள், அதுவும் ஹார்ன்தான்.