பொது நிதியியலை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. பொருளியல் படித்து வருகிறேன். பொது நிதியியல் தாளுக்குரிய வரையறைகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் பட்ஜெட் ஆவணத்தைத் திறந்தால் ஒன்றும் விளங்குவதில்லை. எந்த வரிசையில் படிக்க வேண்டும்?

பதில்: கோட்பாட்டை முழுவதும் முடித்த பிறகு பட்ஜெட்டுக்கு வரலாம் என்ற வழக்கமான வரிசையே உங்கள் சிரமத்துக்குக் காரணம் என்று கருதுகிறேன். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கோட்பாட்டைப் படியுங்கள். ஒன்றிய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் ‘பட்ஜெட் ஒரு பார்வை’ என்னும் சிறிய ஆவணமே தொடக்கத்துக்குப் போதும்.

2025-26ஆம் ஆண்டின் மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். கடன் நீங்கலான வரவு 34.96 லட்சம் கோடி. இடைவெளியாகிய 15.69 லட்சம் கோடி நிதிப் பற்றாக்குறை. வருவாய்ச் செலவாகிய (சம்பளம், வட்டி போன்ற நடப்புச் செலவு) 39.44 லட்சம் கோடியிலிருந்து வருவாய் வரவாகிய (வரி போன்றவற்றால் வருவது) 34.20 லட்சம் கோடியைக் கழித்தால் கிடைக்கும் 5.24 லட்சம் கோடி வருவாய்ப் பற்றாக்குறை. வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி செல்வதால், அதை நிதிப் பற்றாக்குறையிலிருந்து கழித்துவிட்டால் முதன்மைப் பற்றாக்குறை 2.93 லட்சம் கோடிதான். இந்தக் கழித்தல்களை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்த்தால், புதிதாக வாங்கும் கடனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பழைய கடனின் வட்டிக்கு ஈடாகிவிடுகிறது என்பது உங்களுக்கே தெரியவரும். அதன் பின் இந்த மூன்று வரையறைகளையும் மனப்பாடம் செய்யும் தேவையே இராது. வருவாய்ச் செலவு என்றாலே வீண்செலவு என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஆசிரியர் சம்பளமும், சொத்துகளை உருவாக்குவதற்கென்று மாநிலங்களுக்கு வழங்கும் மானியமும் அந்தத் தலைப்பில்தான் வருகின்றன.

அடுத்து, அரசு எதற்காகச் செலவு செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு வாருங்கள். பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் மஸ்கிரேவ் 1959இல் அரசின் நிதிப் பணிகளை மூன்றாகப் பிரித்தார்: வளங்களை ஒதுக்குதல், வருமானத்தைப் பகிர்தல், பொருளாதாரத்தை நிலைப்படுத்துதல். அரசு கொடுப்பதெல்லாம் பொதுப் பண்டம் என்று மாணவர்கள் தேர்வில் எழுதிவிடுவது இந்தப் பகுதியில்தான் மிகுதி. கொசு ஒழிப்பு பொதுப் பண்டம். தெருவில் ஒரு வீட்டை மட்டும் விலக்கிவிட்டு அதன் பயனை மற்றவர்களுக்குத் தர முடியாது, ஒருவர் பெறும் பயன் அடுத்தவர் பங்கைக் குறைப்பதும் இல்லை. தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டத்துக்கு இந்த இரண்டு இயல்புகளும் இல்லை. ஒரு குழந்தை உண்ட உணவை மற்றொரு குழந்தை உண்ண முடியாது. அப்படியிருந்தும் அரசு அதை வழங்குவதற்குக் காரணம், மஸ்கிரேவ் ‘தகுதிப் பண்டம்’ (தனிநபரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடாமல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டியது என்று சமூகம் கருதும் பண்டம்) என்று வகைப்படுத்திய கருத்திலும், வருமானப் பகிர்விலும், பள்ளி வருகையால் சமூகத்துக்குக் கிடைக்கும் புறப்பயனிலும் இருக்கிறது. பட்ஜெட்டின் ஒரே செலவினம் இப்படிப் பல பணிகளைச் சேர்ந்தே செய்வதைக் கண்டுகொள்வதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

கூட்டாட்சி நிதிக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். இந்தியாவில் அரசின் பொருளாதாரப் பங்கைப் பற்றிய கூர்மையான விவாதங்கள் பலவும் இங்கேதான் நடக்கின்றன. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, பகிர்வுக்குரிய வரித் தொகுப்பில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்கு அளிக்க ஒன்றிய, மாநில அரசுகளுக்கு இடையே வரியைப் பகிர வழிசொல்லும் 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்தது. ஆனால் 2025-26 மதிப்பீட்டில் ஒன்றிய அரசின் மொத்த வரி வருவாய் 42.70 லட்சம் கோடி. மாநிலங்களுக்குச் செல்வது 14.22 லட்சம் கோடி, அதாவது மூன்றில் ஒரு பங்கு. 41 எங்கே, 33 எங்கே என்று நீங்கள் கேட்க வேண்டும். செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று விதிக்கும் வரி), சர்சார்ஜ் (வரியின் மீது விதிக்கும் கூடுதல் வரி) ஆகியவற்றில் திரளும் தொகை அரசமைப்புச் சட்டத்தின் 270ஆம் பிரிவின்படி பகிர்வுத் தொகுப்பில் சேர்வதில்லை என்பதே முதன்மைக் காரணம். வசூல் செலவும் கழிக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் பங்கு அந்த 14.22 லட்சம் கோடியில் 4.079 விழுக்காடு, ஏறத்தாழ 58,000 கோடி ரூபாய். இந்தப் பங்கீட்டு வாய்பாட்டில் 45 விழுக்காடு எடை, வருமானத்தில் பின்தங்கிய மாநிலங்களுக்குச் சாதகமான அளவுகோலுக்கும், 12.5 விழுக்காடு மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கும் தரப்பட்டன. மாநிலங்களைச் சமன்படுத்துதல் ஒருபுறமும் சாதனைக்கு உரிய ஊக்கம் மறுபுறமுமாக இழுக்கும் இந்த முரணை எழுதத் தெரிந்தவருக்குத் தேர்வில் எந்தக் கேள்வியும் கடினமாக இராது.

வரிச்சுமை யார் மீது விழுகிறது என்ற பகுதிக்கு தேவை, அளிப்பு நெகிழ்ச்சியை (விலை மாறும்போது வாங்கும் அளவும் விற்கும் அளவும் எவ்வளவு மாறுகின்றன என்பதை) நன்றாகத் திருப்பிப் பார்த்தால் போதும்.

மாநில ஆவணங்களைப் படிக்கும்போது மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, கணக்கு ஆகிய மூன்று நெடுவரிசைகளையும் ஒப்பிடுங்கள். மதிப்பீடு அரசின் நோக்கத்தைச் சொல்கிறது. ஆண்டு முடிந்தபின் வரும் கணக்குதான் உண்மையில் நடந்ததைச் சொல்கிறது. உங்களுக்குப் பிடித்த ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து, தமிழிலேயே வெளிவரும் அதன் கொள்கை விளக்கக் குறிப்பையும் மானியக் கோரிக்கையையும் (துறையின் செலவுக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதலைக் கேட்கும் ஆவணம்) தொடர்ச்சியாகச் சில ஆண்டுகளுக்குப் படித்து, அறிவித்த தொகைக்கும் செலவான தொகைக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் குறித்து வாருங்கள். வேறுபாடு மிகுதியாக உள்ள இடங்களில், இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் மாநில நிதிநிலை குறித்து அளிக்கும் அறிக்கையைத் தேடிப் பாருங்கள்.