அயோவாவில் மகன் தனித்துப் போவாரா?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறோம். உயர்தரம் முடித்த மகனுக்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் புலமைப்பரிசிலோடு இடம் கிடைத்திருக்கிறது. மொத்தமே 1,700 பிள்ளைகள்தானாம். தமிழ்ப் பிள்ளைகள் யாருமில்லை. மகன் கூச்ச சுபாவம், கூடைப்பந்து என்றால் மட்டும் உயிர். விண்ணப்பம் செய்து தந்த ஏஜென்சிக்காரர், "விடுதியில் பகிடிவதை இருக்கும், தனியே கிடந்து மனம் நொந்துபோவான். வெளியே தமிழ் ஆட்களின் வீட்டில் அறை பிடித்துத் தருகிறேன், முற்பணம் கட்டுங்கள்" என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா.

இப்படியான கல்லூரிகளில் பெரும்பாலான பிள்ளைகள் வளாகத்துக்குள்ளேயே தங்கிப் படிக்கிறார்கள். முதல் வருடம் விடுதியில்தான் இருக்க வேண்டும் என்பது அநேகமாக எல்லா இடத்திலும் விதி. புலமைப்பரிசில் கடிதத்தை எடுத்துப் பாருங்கள்: அறைக்கும் சாப்பாட்டுக்கும் தனித் தொகை போட்டிருக்கும். வெளியே போனால் அந்தப் பணத்துக்கு என்ன ஆகும் என்று ஏஜென்சிக்காரர் சொன்னாரா? அயோவாவில் அப்படியான கல்லூரி ஒன்று இருக்கும் கிரின்னல் பட்டணத்தில் 10,000 பேர்கூட இல்லை. அங்கே தமிழ் வீட்டை எங்கே தேடுவது? கல்லடிப் பாலத்தடியில் நின்று கை காட்டினால் பஸ் நிற்கும். அங்கே அப்படிப் பஸ்ஸும் இல்லை. சனவரிக் குளிரில் பனிக்குள் நடந்து வகுப்புக்குப் போகும் பிள்ளை, பின்னேரம் நடக்கும் ஒன்றுக்கும் திரும்பி வராது. தனிமை அங்கேதான் தொடங்கும்.

பகிடிவதை பற்றிய பயம் நியாயமானது. நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருந்தும் பிள்ளைகள் இன்னும் அடிபடுகிறார்கள், அதிகாரிகள் விசாரணைக் குழு அமைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்தக் கொடுமை அதிகம் நடப்பது கிரேக்க எழுத்துப் பெயர் வைத்த மாணவர் சங்கங்களில். கிரின்னல், ஓபர்லின் போன்ற கல்லூரிகளில் அந்தச் சங்கங்களே கிடையாது. மகனின் கல்லூரியில் இருந்தாலும் சேரச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2024 டிசம்பரில் வந்த சட்டப்படி, இப்படியான சம்பவங்களைக் கல்லூரிகள் பகிரங்கமாக வெளியிடவும் வேண்டும். மதுவுக்கு அங்கேயும் வயது 21தான்.

இப்போது முக்கியமான விஷயம். மகனின் மின்னஞ்சல் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? ஏஜென்சிகள் தாங்களே ஒரு முகவரி திறந்து விண்ணப்பம் போட்டு, கடவுச்சொல்லையும் தங்களிடமே வைத்துக்கொள்வதைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். கல்லூரி அனுப்புவதெல்லாம் அந்த முகவரிக்குத்தான் போகும். அறைத்தோழரைப் பொருத்துவதற்கான படிவமும் அதில்தான் வரும்: எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், வெளிச்சம் எரிந்தால் தூக்கம் வருமா, அறைக்கு நண்பர்கள் வந்தால் பிடிக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். ஏஜென்சியில் இருக்கும் பையன் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால், விடியவிடிய விழித்திருக்கும் ஒருவரோடு உங்கள் மகன் ஒரு வருடம் இருக்க நேரும். மகன் தன் கையால், உண்மையாக நிரப்பட்டும்.

கூச்சத்துக்கு மருந்து அவரிடமே இருக்கிறது. வகுப்பு தொடங்கு முன் வரும் அறிமுக வாரத்தைத் தவறவிடக் கூடாது. பயணச்சீட்டில் காசு மிச்சம் பிடிக்கவென்று பிந்திப் போகாதீர்கள். கல்லூரி அணியில் இடம் கிடைக்காவிட்டாலும், சாதாரணப் பிள்ளைகள் தங்களுக்குள் விளையாடும் கூடைப்பந்துப் போட்டிகள் இருக்கும். பெயர் கொடுத்தால் போதும். ஹேபர்ட் அடிகளார் என்ற அமெரிக்கக் குருவானவர் வந்து பந்து பழக்கிய ஊர் நம்முடையது. மைதானத்தில் இறங்கினால் ஆங்கிலம் தானாக வரும்.

ஒரேயொரு இடத்தில்தான் விடுதி கைவிடும்: டிசம்பர் நடுவில் தொடங்கும் குளிர்கால விடுமுறை. சில கல்லூரிகளில் விடுதியைப் பூட்டுவார்கள். சிலவற்றில் விண்ணப்பித்தால் தங்கலாம், ஆனால் சாப்பாட்டு மண்டபம் பூட்டு. நவம்பர் நாலாம் வியாழனில் வரும் நன்றி நவிலல் நாளை ஒட்டியும் சில நாள் இப்படி. விண்ணப்ப முடிவுத் திகதி முன்கூட்டியே வந்துவிடும், ஒக்டோபரிலேயே கேட்க வேண்டும். மின்சார அடுப்புப் பாவிக்க விடுவார்களா, சமையலறைத் திறப்பு யாரிடம் என்பதையும் கேட்கட்டும். டொரன்டோவில் மாமா இருக்கிறார் என்று நம்பியிராதீர்கள், இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் கனடா விசா தனியாக எடுக்க வேண்டும். வெளிநாட்டு மாணவரை விடுமுறைக்கு அழைத்துப்போகும் உள்ளூர்க் குடும்பங்களோடு பல கல்லூரிகள் தொடர்பு வைத்திருக்கின்றன. அதில் பெயர் பதிவதற்குக் காசு கேட்பதில்லை.

இதையெல்லாம் சொல்லித்தர நம் மாவட்டப் பாடசாலைகளில் ஓர் ஆள் இல்லை. விசா நேர்முகத்துக்கும் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குத்தான் ஓட வேண்டும். ஏஜென்சிகள் பிழைப்பது இதனால்தான். கொழும்பில் புல்பிரைட் ஆணைக்குழுவின் (அமெரிக்க-இலங்கைக் கல்விப் பரிமாற்ற அமைப்பு) ஆலோசனை நிலையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். விசாவுக்காக அமெரிக்க அரசுக்குக் கட்டும் மாணவர் பதிவுக் கட்டணமான (SEVIS) 350 டொலரையும் ஏஜென்சி இல்லாமல் இணையத்தில் நேரடியாகக் கட்டலாம்.

இன்றைக்கே கடவுச்சொல்லை வாங்கி மாற்றுங்கள். பிறகு கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மகனே எழுதி, டிசம்பரில் எங்கே தங்கலாம், அறைப் படிவத்துக்கு முடிவுத் திகதி எது என்று கேட்கட்டும்.