ராலி கேமுக்கு ஸ்டியரிங் எத்தனை டிகிரி?

கேள்வி: வீட்டில் கேம் ஆட லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங் வாங்கினேன். 900 டிகிரி சுற்றுகிறது. ராலியில் கொண்டை ஊசி வளைவு வந்தாலே கை பின்னிக்கொள்கிறது, காரோ நேராகப் போய் மரத்தில் மோதுகிறது. டிகிரியைக் குறைத்தால் சரியாகுமா?

பதில்: கை பின்னுவது சரியாகும். மரம் அவ்வளவு சுலபத்தில் விடாது.

900 டிகிரி என்றால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டரைச் சுற்று. தெருவில் ஓடும் பல கார்கள் அதே அளவிலோ, இன்னும் கூடுதலாகவோ சுற்றும். இக்கால உலக ராலி கார்களுக்கு கேம் ஆடுபவர்கள் பெரும்பாலும் வைப்பது 540, அதாவது ஒன்றரைச் சுற்று. முன்சக்கரம் ஒரு பக்கம் 35 டிகிரி திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முதலாவதில் ஸ்டியரிங்கை 450 டிகிரி சுற்ற வேண்டும், இரண்டாவதில் 270 போதும். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநரின் ஒரு கை ஹேண்ட்பிரேக்குக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் ஒற்றைக் கையால், பிடியை மாற்றாமல் அரைச் சுற்றுக்கு மேல் திருப்பிப் பாருங்கள், கஷ்டம் புரியும்.

ஆக, 540 வையுங்கள். ஆனால் டர்ட் ராலி 2.0 போன்ற கேம்களில் ‘சாஃப்ட் லாக்’ இருக்கிறது. அதை ஆன் செய்தால் ஒவ்வொரு காருக்கும் ஏற்ற அளவில் ஸ்டியரிங் தானே நின்றுவிடும். அப்போது ஸ்டியரிங்கின் சொந்த அமைப்பை 900-இலேயே விடுங்கள். ரொம்பக் குறைத்து 270-க்குப் போனால் நேர்சாலையில் கார் வெடவெடக்கும்.

இனி மரம். சரளையில் வேகமாக வந்து ஸ்டியரிங்கை மட்டும் வெட்டினால் முன்டயருக்குப் பிடிப்பு கிடைக்காது. மண்ணைச் சீய்த்துக்கொண்டு நேராகவே போகும். இன்னும் திருப்புவோம் என்றுதான் கை துடிக்கும். எல்லோரும் விழும் குழி அது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கி, ஆக்சிலரேட்டரை விடுங்கள். பாரம் முன்னால் சாயும், டயர் மண்ணைக் கவ்வும். அடுத்த முறை வளைவுக்கு முன்பே பிரேக் அடித்து, அதை மெல்ல விட்டபடியே திருப்புங்கள். பின்பக்கம் தானாகச் சுழன்று வரும்.

வந்ததும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கார் வழுக்கும் திசைக்கு முன்சக்கரம் தானே திரும்பப் பார்க்கும், விரல்களுக்குள் வழுக்கி ஓடவிட்டு, தேவையான இடத்தில் பிடித்தால் போதும். (நிஜக் காரில் கட்டைவிரலை ஸ்டியரிங்குக்குள் கோர்த்து வைக்க வேண்டாம் என்பார்கள். சக்கரம் கல்லில் அடித்தால் ஸ்டியரிங் உதறி, விரல் முறியலாம்.)

ஸ்டியரிங்கின் உச்சியில் மஞ்சள் டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். ராலிக்காரர்கள் செய்வதுதான், சக்கரம் எப்போது நேராக இருக்கிறது என்று கண் ஓரத்திலேயே தெரியும். ஒரே வளைவைப் பத்து தடவை ஓட்டுங்கள். கொண்டை ஊசி அல்லாத வளைவிலும் டேப் கால் சுற்றைத் தாண்டிப் போனால், பிரேக்கைத் தாமதமாக அடித்திருக்கிறீர்கள்.