பாய்காட் யார்?

வணக்கம் ஐயா,
'பாய்காட்' என்ற ஆங்கில வினைச்சொல் ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். புறக்கணிப்புப் போராட்டத்தை முதலில் நடத்தியவர் அவர்தானாம். உண்மையா? நான் ஒரு கூட்டத்துக்குப் போகவில்லை என்றால் அதையும் பாய்காட் எனலாமா?
(வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் விஷயம் சரி, மற்றது தலைகீழ். கேப்டன் சார்லஸ் பாய்காட் புறக்கணித்தவர் இல்லை, புறக்கணிக்கப்பட்டவர். அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட், அதாவது குத்தகை வசூலிப்பவர். 1880-ல் விளைச்சல் மோசம், குத்தகையை 25 சதவீதம் குறையுங்கள் என்று குடியானவர்கள் கேட்க, பிரபு பத்துக்கு மேல் இறங்கவில்லை, பாய்காட் வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் எனிஸ் நகரில் அயர்லாந்து அரசியல் தலைவர் பார்னெல் பேசியிருந்தார்: வெளியேற்றப்பட்டவரின் நிலத்தை எடுத்துக்கொள்பவனை எல்லோரும் ஒதுக்கிவையுங்கள் என்று. ஊர்க்காரர்கள் அதை ஏஜென்டிடமே காட்டிவிட்டார்கள். வேலையாட்கள் நின்றுவிட்டார்கள், கொல்லர் வரவில்லை, துணி வெளுக்க ஆளில்லை, பக்கத்து ஊர்க் கடைகளில் அவருக்கு மட்டும் சாமான் கிடையாது. அறுவடைக்கு வேறு கவுண்டிகளிலிருந்து 50 பேரை வரவழைத்து, அவர்களுக்குக் காவலாக ஆயிரம் பேர் அளவுக்குப் போலீஸையும் ராணுவத்தையும் நிறுத்தினார்கள். சுமார் 500 பவுண்டு பெறுமான விளைச்சலுக்கு 10,000 பவுண்டு செலவு என்று கணக்குச் சொல்வார்கள். டிசம்பரில் பாய்காட் அயர்லாந்தை விட்டே கிளம்பிவிட்டார்.

சொல்லை உருவாக்கியது ஓ'மாலி என்ற உள்ளூர்ப் பாதிரியார் என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதியிருக்கிறார். ஒதுக்கிவைப்பதைக் குறிக்கும் 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற சொல்லைச் சொன்னால் குடியானவர்களுக்குப் புரியாதே என்று யோசித்து, அந்த ஆளின் பெயரையே வைத்துவிட்டாராம். சில மாதங்களில் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன, அப்புறம் பிரெஞ்சு, ஜெர்மன் என்று போய்விட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குச் சுவாரசியம். சோம்பலில் வீட்டில் இருந்துவிட்டு 'பாய்காட் செய்தேன்' என்பது கொஞ்சம் அதிகம்! எதிர்ப்பைக் காட்டத்தான் போகவில்லை என்பது அந்தப் பக்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் தனியாகவும் செய்யலாம், ஆனால் கூட்டாகச் செய்வதே இதன் இயல்பு. ஸ்டிரைக் வேறு, அது நம் வேலையை நிறுத்துவது. பாய்காட் என்பது எதிராளியோடு கொடுக்கல் வாங்கலை, போக்குவரத்தை நிறுத்துவது.

எழுதும்போது ஒன்று கவனியுங்கள். இந்த வினைக்குப் பின்னால் 'ஃப்ரம்', 'அகெய்ன்ஸ்ட்' எதுவும் வேண்டாம், 'பாய்காட் தி மீட்டிங்' என்று நேராகவே வரும். ஸ்பெல்லிங்கில் கடைசியில் இரண்டு 'டி', அவர் பெயரில் இருந்தபடியே.