அப்பாவோடு கடலுக்குப் போகும் கைபேசியில் எப்படிப் பாடம் நடத்துவது?

கேள்வி: மண்டபம் பகுதியில் ஒரு கடற்கரைக் கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, வீட்டுப்பாடத்தையும் காணொளிகளையும் அதில் அனுப்பி வருகிறேன். பல வீடுகளில் இருக்கும் ஒரே கைபேசி அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிறது. குழுவிலோ காலை வணக்கமும் புயல் வதந்தியும்தான் நிறைந்திருக்கின்றன. போதாக்குறைக்கு, பிள்ளைகளின் படங்களைப் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் நாள்தோறும் போடச் சொல்கிறார்கள். இதனாலெல்லாம் பிள்ளைகள் உண்மையில் எதையாவது கற்கிறார்களா? குழுவைக் கலைத்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

குழுவைக் கலைக்க வேண்டாம். ஆனால் வீட்டுப்பாடத்தை அதிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். தொழிலுக்குப் போகிறவர் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாது. போகவும் கூடாது, ஏனெனில் கடலில் அது அவருடைய பாதுகாப்பு. அப்படியிருக்க, இரவு ஏழு மணிக்கு நீங்கள் அனுப்பும் கேள்விகள் எந்த வீட்டில் இரண்டாவது கைபேசி இருக்கிறதோ அந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே போய்ச் சேர்கின்றன. மறுநாள் ‘பார்க்கலை டீச்சர்’ என்று எழுந்து நிற்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அக்காவும் தம்பியும் உள்ள வீட்டில் கைபேசி முதலில் யார் கைக்குப் போகிறது என்பதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். வீட்டுப்பாடம் கரும்பலகையிலிருந்து குறிப்பேட்டுக்கே போகட்டும்.

உண்மையில் கற்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்களே, அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அனுப்பியதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் பிள்ளை அதிகம் கற்பதில்லை. தான் கண்டதை எழுதி, பிறர் சொன்னதோடு ஒப்பிட்டு, எது சரி என்று தேடும்போதுதான் கைபேசியும் கணினியும் கல்விக்கு உதவுகின்றன. அதற்கு உங்கள் ஊரைப் போல வாய்ப்பான இடம் எளிதில் கிடைக்காது.

மண்டபத்துப் பிள்ளைகளுக்கு வடகடலும் தென்கடலும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் கொந்தளித்துக் கிடக்க, பாக் விரிகுடாவாகிய வடகடல் அடங்கியிருக்கும். வாடை தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகும். இதை அவர்களுக்கு யாரும் பாடமாக நடத்தியதில்லை. வீட்டுப் பேச்சிலேயே தெரிந்துகொண்டது. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அலையின் உயரத்தையும் காற்றின் திசையையும் வேகத்தையும் முன்கூட்டியே வெளியிடுகிறது. இந்த இரண்டு அறிவையும் ஒரே பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள்.

வகுப்புக்கு உங்கள் ஒரு கைபேசி போதும். காலையில் ஒரு பிள்ளை இரு கடல்களுக்குமான முன்னறிவிப்பை உரக்கப் படிக்கட்டும். மற்றவர்கள் குறிப்பேட்டில் கட்டம் போட்டு, முன்னறிவிப்பு சொன்னதையும், தாத்தாவோ அப்பாவோ காற்றைப் பார்த்துச் சொன்னதையும், மாலையில் கரையில் தாங்கள் கண்டதையும் அடுத்தடுத்து எழுதட்டும். காற்றின் வேகம் நாட் கணக்கில் வந்தால், ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர் என்று சொல்லி மாற்றிப் போடச் சொல்லுங்கள். 20 நாட் என்றால் மணிக்கு ஏறக்குறைய 37 கிலோமீட்டர் என்று தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு அலகு மாற்றம் பிறகு எந்தத் தேர்விலும் பயம் தராது. ஒரு மாதம் ஆனபின் அந்த எண்களைப் பள்ளிக் கணினியில் ஏற்றி வரைபடமாக்கலாம்.

முன்னறிவிப்பும் தாத்தாவும் முரண்படும் நாளை விட்டுவிடாதீர்கள். முன்னறிவிப்பு பரந்த கடற்பரப்புக்குச் சொல்லப்படுவது. தாத்தா சொல்வது தம் ஊர்க் கரைக்கு. யார் வென்றார் என்று தீர்ப்புச் சொல்லாமல், ஏன் மாறியது என்று கேட்க வையுங்கள். பாசி எடுக்கப் போகும் அம்மாக்களிடம் எந்தெந்த நாளில் நீர் நன்றாக வற்றும் என்று கேட்டுவரச் சொன்னால், அமாவாசையும் பௌர்ணமியும் தாமாகவே வகுப்புக்குள் வந்துவிடும்.

குழுவுக்கு வேலை இப்போதுதான் வருகிறது. வாரம் ஒருமுறை, அந்த வாரக் குறிப்பில் கண்டதை ஒரு மாணவரோ மாணவியோ இரண்டு நிமிடக் குரல்பதிவாகச் சொல்லட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் தாயும் அதைக் கேட்டுப் புரிந்துகொள்வார். பாம்பனிலிருந்து 90.4 அலைவரிசையில் ஒலிபரப்பாகும் கடல் ஓசை சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே இயங்குவது. தம் மக்கள் பேச்சு வானொலியில் வருவது அந்தக் கரைக்குப் பழக்கமானதுதான், பிள்ளைகள் தயங்க மாட்டார்கள்.

புயல் வதந்தி வந்தால் அழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். இது யார் எடுத்த படம், எந்த ஆண்டுப் படம், எந்தக் கரை என்று வகுப்பில் கேளுங்கள். 2018-இல் வந்த கஜா புயலின் படத்தை நேற்று எடுத்ததாகச் சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா, எத்தனையாம் எண் கூண்டு என்பதைப் பாம்பனில் இருக்கும் உறவினரிடம் விசாரித்து, வானிலை ஆய்வு மைய அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் பிள்ளைகளால் முடியும். ஒரு முறை அப்படிச் சரிபார்த்தவர்கள் அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு அனுப்ப யோசிப்பார்கள்.

படங்களைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிள்ளைகளின் முகத்தையும் பெயரையும் பொதுப் பக்கத்தில் நாள்தோறும் போடுவதில் கல்வி எதுவும் இல்லை. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கொண்டு, அவர்களது விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலை வலியுறுத்துகிறது. படம் வேண்டும் என்று கேட்பவர்களிடம் வரைபடத்தையும் குறிப்பேட்டுப் பக்கத்தையும் படமெடுத்துக் கொடுங்கள். பள்ளியில் என்ன நடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. இன்னொன்று, வாட்ஸ்அப் குழுவில் உள்ள எண்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளையின் எண் அப்படி முப்பது வீடுகளுக்குப் போக வேண்டியதில்லை. குழுவில் பெற்றோர் மட்டும் இருக்கட்டும், நிர்வாகி மட்டுமே அனுப்பும்படி மாற்றுங்கள். அதற்கும் தயங்கும் தாய்மார் இருந்தால், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாத பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. அவர்கள் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருந்தால் போதும்.

காணொளிகளைப் பொறுத்தவரை, பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டின் வழி கிடைப்பதில் தேவையானதை முதல் நாளே பதிவிறக்கி வைத்துக்கொண்டு வகுப்பில் காட்டுங்கள். நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன ஆகும் என்று கேளுங்கள்.

இந்த மாற்றத்தைப் பெற்றோரிடம் நேரில் சொல்வது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். பள்ளி திறந்து, தடை முடியாமல் இருக்கும் அந்த ஜூன் நாட்களில் ஒரு மாலை கூட்டம் போட்டால், அம்மாக்களோடு அப்பாக்களும் வர முடியும். கூட்டத்தில் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள், யார் யார் வீட்டில் எந்தெந்த நாளில் கைபேசி இருக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், காற்றைப் பற்றி வகுப்பில் வந்து பேச விருப்பமுள்ள ஒருவரையும் அன்றே கேட்டு வையுங்கள்.