பவுத்திரத்துக்கு லேசர் செய்துகொள்ளலாமா?

கேள்வி: ஆசனவாய் அருகே வந்த சீழ்க்கட்டியைக் கீறி எடுத்து 8 மாதம் ஆகிறது. அதே இடத்தில் இன்னமும் சீழ் கசிகிறது. பவுத்திரம் என்கிறார் டாக்டர். வெட்டித் திறந்து ஆறவிடலாம் என்கிறார் ஒருவர்; லேசரே நல்லது என்கிறார் இன்னொருவர். எதற்குச் சம்மதிப்பது?

பதில்: லேசரா கத்தியா என்பதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் பவுத்திரப் பாதை, மலத்தை அடக்கி வைக்கும் சுருக்குத்தசையை எவ்வளவு துளைத்துச் செல்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவிட்டீர்களா?

ஆசனவாயின் உட்புறச் சுரப்பி ஒன்றில் தொற்று ஏற்பட்டு, அந்தச் சீழ் தோல் வரை வழி தோண்டிக்கொண்டதுதான் பவுத்திரம். உள்ளே ஒரு வாய், வெளியே ஒரு வாய். ஆன்டிபயாடிக் கசிவைக் கொஞ்ச நாள் குறைக்கும், வழியை அடைக்காது.

பாதை தசையை லேசாகத்தான் தொடுகிறது என்றால், அதை நீளவாக்கில் திறந்து ஆறவிடும் பழைய அறுவை சிகிச்சையே என் தேர்வு. 100 பேரில் 90 பேருக்கு மேல் குணமாகிறது. தசையில் பெரும்பகுதியைக் கடக்கிறது என்றால் அப்படி வெட்டக் கூடாது. மலமும் காற்றும் அடங்காமல் போகலாம். லேசருக்கு இடம் இங்கேதான். மெல்லிய இழையைப் பாதைக்குள் நுழைத்து, பெரும்பாலும் 1470 நானோமீட்டர் ஒளியால் உட்சுவரைச் சுட்டுச் சுருங்க வைத்தபடியே வெளியே இழுப்பார்கள். உள்வாயைத் தையல் போட்டு மூடுவதும் உண்டு. தசை வெட்டுப்படாது, வலி குறைவு, சீக்கிரம் நடமாடலாம்.

ஆனால் ஒரே தடவையில் மூடுவது 100க்கு ஏறக்குறைய 60, 65 பேருக்குத்தான். மற்றவர்களுக்குக் கசிவு தொடரும் அல்லது திரும்ப வரும். இதைச் சொல்லாமல் யாராவது உங்களைச் சம்மதிக்க வைத்தால் எனக்கு வருத்தம்தான். தசை கெடாமல் இருப்பதால் மறுபடி லேசரோ வேறு சிகிச்சையோ செய்ய வழி இருக்கும். கிளை பிரிந்த பாதை, உள்ளே தேங்கிய சீழ் இருந்தால் நேரடியாக லேசர் வேண்டாம். முதலில் பாதை வழியாகச் செட்டான் என்ற நூலைக் கோத்துவிட்டுச் சில வாரங்கள் சீழை வடியவிடுவார்கள். குரோன் நோயோ (நாள்பட்ட குடல் அழற்சி) காசநோயோ காரணமாக இருந்தால் அதற்கான மருந்தும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "என் பாதை எவ்வளவு தசையைக் கடக்கிறது? உள்வாய் எங்கே இருக்கிறது? லேசர் பலிக்காவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?"

இதற்கிடையே காய்ச்சலும், உட்கார முடியாத அளவு வீக்கமும் வலியும் வந்தால் மறுபடி சீழ் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.